ஆலைத்துறை

"கையைத் தூக்குங்க அத்தை."

"தூக்கிட்டுத்தானே நிக்கறேன். இன்னும் தூக்கினா போலீஸ்ல சரணடையற மாதிரி இருக்கும்."

மனோகரன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாமியாரின் தோள்களில் மாட்டிவிட்டு, அதன் பட்டையைக் கையில் பிடித்தபடி தயங்கினான். மாமியாரின் இடுப்பைச் சுற்றிப் பட்டை இழுத்துக் கட்டுவது எந்த மருமகனுக்கும் பழக்கமான வேலையல்ல. நீலாயதாட்சி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு படகுத்துறையின் மரப்பலகையில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசித் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. எதிர்க்கரையில் நாணலுக்குப் பின்னால் பழைய சர்க்கரை ஆலையின் புகைபோக்கி நின்றது. புகை வந்த காலம் போய்விட்டது. இப்போது அதன் மேல், 'ஆலைத்துறை படகு இல்லம் உங்களை வரவேற்கிறது' என்று உச்சியிலிருந்து கீழாக எழுதியிருந்தார்கள்.

"மாப்ள, இது என்ன நிறம்?"

"எது?"

"தண்ணி."

"தண்ணி நிறந்தான் அத்தை."

"அதான் கேக்கறேன். இந்த ஆத்துக்குத் தண்ணி நிறமே கிடையாதே."

வெண்ணாற்றிலிருந்து பிரியும் இந்த நல்லாறு, ஆலையும் அதை ஒட்டிய சாராயக் கம்பெனியும் ஓடிய காலத்தில் கறுப்பாகத்தான் ஓடியது. மேலே நுரை, அதற்கும் மேலே நாற்றம். சுற்று வட்டாரத்தில் யாரும் அதை நல்லாறு என்று சொன்னதில்லை. சாராய ஆறு என்றார்கள். நீலாயதாட்சி நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். ஆலையில் ஃபிட்டராக இருந்த தியாகராசனை விரும்பிக் கட்டிக்கொண்டு இந்தக் கரையில் இருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். கடலோரத்தில் பிறந்தவள் இருபது வருடம் ஓர் ஆற்றின் கரையில் குடியிருந்தும், அந்தத் தண்ணீரில் காலை நனைத்ததில்லை.

இன்றைக்கு வந்தது திருட்டுத்தனமாகத்தான். இதயம் வீங்கியிருக்கிறது, வீட்டை விட்டு வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாயிற்று. மனோகரனின் மனைவி வானதி தன் அம்மாவை வாசற்படி தாண்ட விடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து அவள் தம்பி அரவிந்தன் தினமும் கூப்பிட்டு, "அக்கா, அம்மாவை அலைய விடாத, சீனி குடுக்காத" என்று நினைவூட்டுவான். நேற்று வானதி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீலாயதாட்சி மருமகனிடம் வந்து, "மாப்ள, அந்த ஆத்துல படகு விடறாங்களாமே. செல்லுல பாத்தேன். ஒரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா" என்றாள். அவனிடம் அவள் கேட்டு வாங்கிக்கொண்ட பொருள் என்று அதுவரை எதுவும் கிடையாது. இன்று காலை வானதி டீச்சர் வேலைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அத்தையைத் தஞ்சாவூர் கண் டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றான் மனோகரன். உரக்கடையைப் பூட்டி, காரை எடுத்து, நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டும் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தாண்டியதும் நீலாயதாட்சி கண்ணாடியை இறக்கிவிட்டு, "தஞ்சாவூர் ரோடு அந்தப் பக்கம்ல போகுது" என்று சிரித்தாள்.

"ஜாக்கெட் கொக்கி போடாதவங்க யாரும் படகுல ஏறக்கூடாது," என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. "அந்த ஆரஞ்சுக் கரை சேலை அம்மா, கொக்கியைப் போடுங்க."

நீலாயதாட்சி திரும்பாமலே, "அலி அண்ணன் குரல் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

மனோகரனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆற்றைப் பார்க்க வரவில்லை இவள்.

ஜெகபர் அலி என்ற பெயரை அவன் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறான். ஆலையின் தொழிற்சங்கச் செயலாளர். மாமனாருக்கு உயிர் நண்பர். ஆலையை மூடியபோது, "இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் தியாகு" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டு சவூதிக்குப் போனவர். அதன்பிறகு மிதிக்கவும் இல்லை. தியாகராசன் இறந்தபோதும் வரவில்லை.

கையில் மைக்கும் கழுத்தில் விசிலுமாக ஒரு வெண்தாடிக்காரர் பலகை வழியே வந்தார். தலையில் தொப்பி, சட்டைக்கு மேல் அவரும் ஓர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தார். அருகில் வந்ததும் நின்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அவர் மூச்சுவிடும் சத்தம் ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது.

"வாங்க," என்றார் கடைசியில்.

"என்னண்ணே, வாங்க போங்கன்னு. நான் என்ன கலெக்டரா?"

"வயசாயிடுச்சுல்ல. மரியாதை குடுக்கணும்ல."

"எனக்கா உங்களுக்கா?"

அவர் குனிந்து, மனோகரனால் முடியாமல் போன கொக்கியை ஒரு சொடுக்கில் மாட்டிவிட்டார். பிறகு படகில் உட்கார்ந்திருந்த ஓட்டுநரிடம், "நீ போய் டீ சாப்பிடு. இந்த டிரிப்பை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

படகில் இவர்களைத் தவிர ஒரு புதுமணத் தம்பதி மட்டும் இருந்தார்கள், திருச்சிக்காரர்கள். மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக மின்னியது. ஜெகபர் அலி மோட்டாரைக் கிளப்பி, படகை நடு ஆற்றுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். குரல் தானாகவே மேடைக் குரலாகிவிட்டது.

"இதோ உங்கள் வலது கைப்பக்கம் தெரிவது கரும்பு இறக்கும் தளம். தினசரி ஐந்நூறு மாட்டு வண்டிகள் இங்கே வரிசையில் நிற்கும்."

"இருநூறு," என்றாள் நீலாயதாட்சி.

"இருநூறு முதல் ஐந்நூறு மாட்டு வண்டிகள்," என்று திருத்திக்கொண்டார். "அடுத்து நீங்கள் பார்ப்பது கொதிகலன் கூடம். இப்போது அது உணவகம். மீன் சாப்பாடு அங்கே சிறப்பு."

"நடத்தறது யாரு?"

"நாந்தான்."

"அதான் சிறப்பு."

புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு மீன்கொத்திகள் புகைபோக்கியின் இரும்பு ஏணியிலிருந்து கிளம்பித் தண்ணீரை உரசிப் போயின. மாமியாரின் முகத்தை மனோகரன் பார்த்தான். மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவன் எண்ணம். மூச்சு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாகச் சாம்பல் பூத்திருந்த கன்னத்தில் காற்றுப் பட்டுக் கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது.

"அங்கிள், அந்தக் குடம் கதையைச் சொல்லுங்க," என்றாள் புதுப்பெண். "வீடியோல பாத்தோம். அதைக் கேக்கத்தான் வந்தோம்."

ஜெகபர் அலி காது கேட்காதவர்போல ஆற்றின் வளைவைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் நீலாயதாட்சி. "கேக்குதுல்ல புள்ள."

அவர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஆத்துல ஒருநாள் மீனெல்லாம் செத்து மிதந்துச்சு," என்று ஆரம்பித்தார். இப்போது அது மேடைக் குரலாக இல்லை. "அதுக்கப்புறம் இதுல மீனே கிடையாது. கிணத்துத் தண்ணியும் கறுத்துப் போச்சு. பிள்ளைங்களுக்குக் காலெல்லாம் புண்ணு. வயக்காட்டுல நாத்து நட்டா வேர் அழுகிப் போகும். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் தொறக்கல. ஏன்னா எல்லாரும் அங்கதான் சம்பளம் வாங்கறோம். ஃபிட்டர் வீட்டு அம்மா ஒண்ணு இருந்துச்சு. அது என்ன பண்ணுச்சு, ஒரு மண்பானையில இந்த ஆத்துத் தண்ணியை மொண்டு…"

"மண்பானை இல்ல. எவர்சில்வர் குடம்."

"எவர்சில்வர் குடத்துல மொண்டு, பஸ் ஏறித் தஞ்சாவூர் போயி, மனு குடுக்கற கூட்டத்துல கலெக்டர் மேசை மேல வச்சு, 'குடிங்க'ன்னுச்சு."

"அப்படிச் சொல்லல. 'ஒரு வாய் குடிச்சிட்டு மனுவை வாங்கிக்கங்க'ன்னேன்."

புதுப்பெண் நிமிர்ந்து நீலாயதாட்சியைப் பார்த்தாள். பிறகு படகோட்டியைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றார் ஜெகபர் அலி. "இதுதான் அது. அப்புறம் கோர்ட்டு, கேசு, ஆய்வு எல்லாம் நடந்து ஆலையை மூடினாங்க. நாங்கெல்லாம் தெருவுக்கு வந்தோம். கேட்டுல நின்னு இந்த அம்மாவைக் கண்டபடி பேசினதுல மொத ஆளு நான்."

"ரெண்டாவது ஆளு என் வீட்டுக்காரரு," என்றாள் நீலாயதாட்சி. "அவரு வாயால பேசல. பேசாமயே இருந்தாரு, ரெண்டு வருஷம்."

அந்தக் கதையை வானதி பலமுறை சொல்லி மனோகரன் கேட்டிருக்கிறான். கணவன் மனைவிக்கு நடுவே மகள்தான் நின்று பேச்சை வாங்கிக் கொடுத்தாள். அம்மாகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்லைன்னு. அப்பாகிட்ட சொல்லு, உப்பு ஜாடி அவரு கைக்கிட்டதான் இருக்குன்னு. வேலையற்ற தியாகராசன் பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை போட்டு உட்கார்ந்தார். ஒரு கோடைப் பகலில் வேலையிலிருந்து வந்து, புழக்கடைக் கிணற்றில் இறைத்த தண்ணீரைச் செம்போடு தூக்கிக் குடித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "தண்ணி நல்லாருக்கு நீலா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேசினார்கள்.

படகு தடுப்பணை வரை போய்த் திரும்பியது. திருச்சித் தம்பதி இறங்கும்போது நீலாயதாட்சியின் காலைத் தொட்டார்கள். அவள் கூச்சத்துடன், "நான் படுக்கவச்ச ஆலை அங்க காலை நீட்டிக் கிடக்கு, அதைத் தொடுங்க" என்றாள். தம்பதிக்குப் புரியவில்லை. ஜெகபர் அலி மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

கொதிகலன் கூடத்தில் மீன் சாப்பாடு. முன்பு நெருப்பு வாய் இருந்த இடத்தில் கைகழுவும் தொட்டி வைத்திருந்தார்கள். நீலாயதாட்சி குழம்பைச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தாள்.

"இது ஆத்து மீனு."

"இந்த ஆத்து மீனு," என்றார் ஜெகபர் அலி. எதிரில் உட்காராமல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெண்டையா?"

"கெண்டைதான்."

"புளி ஜாஸ்தி," என்றாள். ஆனால் இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் இரண்டு மாதமாக உப்பில்லாத கஞ்சி குடிக்கிறவள். தடுக்க வேண்டும் என்று மனோகரனுக்குத் தோன்றியது. தடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து, வெளியே புங்கமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்தான். ஜெகபர் அலி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பெண்கள் புகைபோக்கிக்கு அடியில் குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு ஓரிடத்தில் நின்றது.

"தியாகு போனப்ப நான் லீவுல இங்கதான் இருந்தேன்," என்றார் ஜெகபர் அலி. "தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"தெரியும். ட்ரான்ஸ்பார்மர்கிட்ட நின்னீங்க. பாத்தேன்."

அவர் தலையைத் தூக்கினார்.

"ஆளனுப்பிக் கூப்பிடலாம்னு நெனச்சேன்," என்றாள் நீலாயதாட்சி. "வீம்பு. அனுப்பல."

இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். மனோகரன் தன் செருப்பைப் பார்த்தான்.

"டீ குடிக்கிறியா தங்கச்சி?" என்று கேட்டார் அவர்.

'வாங்க' போய்விட்டது. அதைக் கேட்டதும் நீலாயதாட்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"குடிக்கறேன். சீனி கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க."

"சர்க்கரை ஆலையை மூடினவளுக்குச் சீனி கேக்குதா?" என்றபடி அவர் எழுந்து உள்ளே போனார். போகும்போதே அவள் சிரிக்கிற சத்தம் பின்னால் வந்தது.

அப்போது மனோகரனின் செல்பேசி அடித்தது. வானதி. அவன் மரத்தை விட்டுத் தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

"என்னங்க, டாக்டர் பாத்தாச்சா?"

"இல்ல, இன்னும் உள்ள கூப்பிடல. கூட்டம்."

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"ம். நல்லா சாப்பிட்டாங்க."

"என்ன அங்க, புள்ளைங்க சத்தமா இருக்கு?"

"குழந்தைங்களுக்கும் கண்ணு பாக்கறாங்கல்ல," என்றான் மனோகரன். அவ்வளவு சட்டென்று பொய் வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

திரும்பி வந்தபோது ஜெகபர் அலி கையில் டீ டம்ளரோடு நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நீலாயதாட்சியின் தலை லேசாகத் தோள்பக்கம் சாய்ந்திருந்தது. கைகள் மடியில் இருந்தன.

"கண்ணசந்துட்டாப்ல இருக்கு. எழுப்பல," என்றார் அவர்.

மனோகரன் குனிந்து, "அத்தை" என்றான். பிறகு அவள் மூக்கருகே புறங்கையை வைத்தான். வைத்துக்கொண்டே இருந்தான். ஜெகபர் அலி அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். உதட்டுக்குள் ஏதோ சொன்னார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். ஊழியர் ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சு சார்" என்றார்கள்.

மனோகரன் மறுபடி அதே சுவரோரம் போய் நின்றான். வானதியைக் கூப்பிட்டான்.

"வானதி. நாங்க தஞ்சாவூர்ல இல்ல."

எதிர்முனையில் வகுப்பறைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்துவிட்டாள் போல, சத்தம் குறைந்தது.

"ஆலைக்கா கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமா."

"அம்மா இருக்காங்களா?" என்றாள்.

"இல்ல," என்றான்.

"நீடாமங்கலத்துக்குக் கொண்டு வர வேணாம்," என்றாள் வானதி, அழுது ஓய்ந்ததும். மூக்கு அடைத்திருந்தது. "பெரியம்மா வீட்டுக்கே கொண்டு போயிருங்க. அப்பாவை எடுத்த வீடு. நான் வந்துடறேன்."

பெரியம்மா என்று அவள் சொன்னது அமிர்தத்தை. தியாகராசனின் அண்ணன் மனைவி. ஆற்றின் கீழ்க்கரையில், கரைமேட்டில் பூர்வீக வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் புருஷனுக்கும் ஆலையில்தான் வேலை. வேலை போனபின் ஓர்ப்படிகளுக்குள் பேச்சு வார்த்தை கல்யாணம் கருமாதியோடு நின்றது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது அமிர்தம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வாளோ என்று மனோகரன் காத்திருந்தான். அவள் உள்ளே திரும்பி, "கூடத்துல இருக்கற நெல் மூட்டையைத் தூக்கி ஓரமாப் போடுங்க. தலைமாட்டுக்கு விளக்கு வேணும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

சாயங்காலத்துக்குள் குளிர்பெட்டி வந்துவிட்டது, தெருவில் பந்தலும் போட்டாயிற்று. அரவிந்தனுக்குக் காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. வானதி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, பெட்டியின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்து அழுதாள். மனோகரன் பக்கம் திரும்பவில்லை. அவன் வாசலில் நாற்காலிகளை வரிசைப்படுத்தினான். வரிசையாக இருந்தவற்றையே மறுபடியும் வரிசைப்படுத்தினான்.

ஊர்ப் பெண்கள் கூடத்தில் நிறைந்தார்கள். மாரடித்து அழுது ஓய்ந்தபின் பேச்சு தொடங்கியது. யாரோ ஒருத்தி மெதுவாக, "ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டவன்னு பேசினோம், புண்ணியவதி இவ்வளவு சுளுவாப் போயிட்டா" என்றாள். கூடம் அடங்கிப்போனது.

"சோத்துல மண்ணு விழுந்ததை விடுங்கடி," என்றாள் அமிர்தம் சுவரோரத்திலிருந்து. "என் குடத்தைக் கேளுங்க."

"எந்தக் குடத்தை?"

"கலெக்டர்ட்ட கொண்டுபோனது யாரு குடங்கறீங்க? எங்கம்மா எனக்குச் சீர் குடுத்த குடம். பேரு வெட்டின குடம். 'அக்கா, மாவு மில்லுக்குப் போயிட்டு வந்துடறேன், குடத்தைக் குடுங்க'ன்னு வாங்கிட்டுப் போனா பாவி."

"மாவு மில்லுக்குக் குடம் எதுக்கு பெரியம்மா?" என்றாள் வானதி, அழுத குரலிலேயே.

"அதை நானும் கேக்கலையே. குடுத்துட்டேன். அவங்க அதைச் சாட்சிப் பொருள்னு வச்சுக்கிட்டாங்க. இன்னிவரைக்கும் திரும்பி வரல. கோர்ட்டுல எங்கயோ இருக்கு, 'அமிர்தம்'னு பேரோட. ஆலையை மூடினது நீலான்னு ஊரே பேசுது. குடத்தைப் பாத்தா நாந்தான்ல குத்தவாளி."

முதலில் சிரித்தது வானதிதான். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொருத்திக்கும் ஒரு நீலாயதாட்சி கதை இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வானதி தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது மனோகரன் எதிரில் அகப்பட்டான்.

"படகுல போனாங்களா?" என்று கேட்டாள்.

"போனாங்க. அவரு சொல்றதையெல்லாம் திருத்திக்கிட்டே வந்தாங்க."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "என்கிட்ட கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்," என்றாள். அது கோபமா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போகும்போது அவன் சட்டைக் காலரில் மடிந்திருந்ததை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அரவிந்தன் காரைவிட்டு இறங்கியபோதும் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கண்கள் சிவந்திருந்தன. உள்ளே போய் அம்மாவைப் பார்த்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் மனோகரனைத் தனியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டான்.

"கண்ணு டாக்டர்ட்ட போறதாத்தானே சொன்னீங்க அத்தான்?"

"ஆமா. பொய்தான் சொன்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

மனோகரன் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தவை ஒன்றும் இப்போது உதவவில்லை.

"கேட்டாங்க," என்றான். "அவங்க எதையும் கேட்டதில்ல. அதான்."

அரவிந்தன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா என்ன சொன்னாங்க? என்னைப் பத்தி ஏதாவது?"

மனோகரன் தயங்கினான். இன்னொரு பொய் சொல்வது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"டீயில சீனி தூக்கலாப் போடச் சொன்னாங்க."

அரவிந்தன் அவனைப் பார்த்தான். முகம் இரண்டு பக்கமும் இழுபட்டது. "சீனியா?" என்றான். "தினமும் போன் பண்ணி நான் அதைத்தானே வேணாம்னு…" முடிக்க முடியவில்லை. அத்தானின் தோளில் நெற்றியை இடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றான். மாடு ஒருமுறை அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். பறை முன்னால் போக, பூப்போட்ட பாடையின் முன்பக்கத்தில் அரவிந்தனும் மனோகரனும் தோள் கொடுத்தார்கள். தெருமுனை ட்ரான்ஸ்பார்மர் அருகே ஜெகபர் அலி வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறையும் வாசல் வரை வராமல்தான் நின்றிருந்தார். பாடை பக்கத்தில் வந்ததும் மனோகரன் நடையைக் குறைத்தான். தோளை விலக்கி இடம் விட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோளைக் கொடுத்தார். வயதானவர், பத்தடியில் விட்டுவிடுவார் என்று நினைத்தான். சுடுகாடு வரை யாருக்கும் மாற்றிக்கொடுக்கவில்லை.

அரவிந்தன் மொட்டையடித்து, குடம் உடைத்து, கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் எல்லோரும் கரையேறினார்கள். குளிக்க வேண்டும். அரவிந்தன் வழக்கப்படி மேட்டிலிருந்த பம்ப்செட்டை நோக்கி நடந்தான். அவன் அப்பா இறந்தபோது அங்கேதான் குளித்தார்கள். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரில் எல்லாச் சாவுக்கும் அங்கேதான் குளித்தார்கள்.

"மோட்டார் ஓடல தம்பி," என்றார் பின்னால் வந்த பெரியவர் ஒருவர். "இப்பல்லாம் ஆத்துலதான் குளிக்கறோம். இப்படி இறங்குங்க."

படித்துறையில் அரவிந்தன் நின்றான். இந்த ஆற்றில் கால் வைத்தால் அம்மா பிரம்பெடுப்பாள் என்று வளர்ந்த பிள்ளை. மனோகரன் முதலில் இறங்கினான். ஜெகபர் அலி கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவினார். வெயில் தண்ணீருக்குள் போய் மணல்வரை தெரிந்தது.

அரவிந்தன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். இடுப்பளவு. மார்பளவு. மூன்று முழுக்குப் போட்டு எழுந்து, மொட்டைத் தலையிலிருந்து நீர் வழியக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேல் வளைவிலிருந்து ஒரு படகு வந்தது. கரையில் கூட்டத்தைப் பார்த்ததும் ஓட்டுநர் மோட்டாரை அணைத்துவிட்டார். படகு நீரோட்டத்தோடு சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. அதில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவளுடைய அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் மறு கையை எடுத்து ஆட்டினாள்.

மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த அரவிந்தன், ஈரக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, படகு தாண்டிப் போகும் வரைக்கும் அவளுக்கு ஆட்டிக்கொண்டிருந்தான்.